செவ்வரளி விசில்

ஆடிக் கிருத்திகை அன்று, மலைப்படியில் பாதி ஏறியிருப்போம். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த முனிரத்தினம் பாவா சட்டென்று நின்றுவிட்டார்.

பாவா என்றால் என் அக்காவைக் கட்டியவர். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். அந்த ஊரிலிருந்து வருஷா வருஷம் காவடி எடுத்து வரும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர்.

"மச்சான், மஞ்சளா கீது" என்றார்.

"இன்னா மஞ்சளா கீது பாவா?"

"எல்லாமே. படி, ஜனம், உன் மூஞ்சி, எல்லாம். அந்த அம்மா கையில சூடம் எரியுது பாரு, அதச் சுத்தி வட்டம் வட்டமா வருதுடா."

சூடத் தட்டோடு நின்ற அந்த அம்மாள் "முருகா!" என்று கத்தியபடி பாவா காலில் விழுந்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் விழுந்தார்கள். பம்பைக்காரர் அடியைக் கூட்டினார். அரோகரா சத்தம் படியெல்லாம் பரவியது.

நானும் விழுந்தேன். பாவாவின் ஈரக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எத்தனை வருஷம் மாலை போட்டிருப்பார், இன்றைக்குத்தான் முருகன் கண்ணில் பட்டிருக்கிறான் என்று நினைத்தேன். கண்ணீர்கூட வந்தது.

அந்த நேரத்தில் அவர் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் நான். இரண்டுமே எனக்குத் தெரியாது.

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வாரம் தள்ளிப்போட்டேன். போன வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணத்தன்று பந்தி சரிந்த கதையை எழுதினேன், எல்லோரும் சிரித்தீர்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை.

என் பட்டறை

திருத்தணியில் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில் எனக்கு ஒரு கடைசல் பட்டறை இருக்கிறது. கட்டையை மெஷினில் மாட்டிச் சுழலவிட்டு, உளியைக் காட்டி உருட்டி எடுப்பதுதான் கடைசல். கட்டில் கால், சப்பாத்திக் கட்டை, ஊஞ்சல் குமிழ், காவடித் தண்டு எல்லாம் செய்வேன். எட்டாவது வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் படித்தது எல்லாம் மரத்திடம்தான்.

மரத்தைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் உண்டு. கண்ணைக் கட்டிவிட்டு, சீவி விழுந்த மரச் சுருளை மூக்கருகே நீட்டினால் தேக்கா, வேம்பா, வாகையா என்று சொல்லிவிடுவேன். என் மனைவி கோமளா கேலி செய்வாள். "குழம்புல உப்பு இல்லன்னு தெரியாது, கட்டையில எது எந்த மரம்னு மட்டும் தெரியும்" என்பாள்.

ஆடி பிறந்த சமயம், பாவா பட்டறைக்கு வந்தார். மாலை போட்டிருந்தார், இடுப்பில் மஞ்சள் வேட்டி. தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர் என்பதால் ரகசியம் பேசினாலும் தெருக்கோடிக்குக் கேட்கும்.

"மச்சான், எனக்கு ஆறு விசில் வேணும். மரத்துல."

"கடையில விக்கறானே பாவா, பிளாஸ்டிக்ல."

"அத எடுத்துகினு போ. போன வருஷம் ரெண்டு ஊது ஊதினதும் எச்சி பூந்து உள்ள கீற குண்டு மாட்டிக்கினு சத்தமே வர்ல. அதுக்குள்ள கெழவி ஒண்ணு கூட்டத்துல காணாம போயி, மத்யானம் வரைக்கும் தேடிகினு இருந்தோம். உள்ள குண்டு இல்லாத விசில் செய்யி. கயிறு புடிக்கிற அஞ்சு பேருக்கு, எனக்கு ஒண்ணு."

காவடிக் கூட்டத்தைச் சுற்றிக் கயிறு பிடித்து வருவார்கள். முன்னே போ, நில், ஓரம் வா என்று விசிலில்தான் சொல்லுவார்கள். பேச்சு கேட்காத இரைச்சல் அது.

"காசு எவ்ளோ?" என்றார்.

"பாவா, முருகன் காரியத்துக்குக் காசு பேசாதீங்க."

"அப்ப நல்ல மரமா போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். வாய் ஏதோ மென்றுகொண்டே இருந்தது. பார்த்தால் துளசி. மற்ற நாளில் வெற்றிலையும் புகையிலையும் அடக்கிவைத்திருக்கும் வாய் அது. மாலை போட்ட நாளில் அதை விட்டுவிடுவார், ஆனால் தாடையை மட்டும் நிறுத்த முடியாது அவரால்.

சாமி செடி

அந்த வாரம்தான் எங்கள் வீட்டுச் செவ்வரளியை வெட்ட வேண்டி வந்தது.

எங்கள் வீட்டு முன்பக்கம் ஒரு செவ்வரளி. கோமளா கல்யாணமாகி வந்த வருஷம் வைத்த குச்சி. அது செடி இல்லை, மரமே ஆகியிருந்தது. அடித்தண்டு என் மணிக்கட்டைவிடப் பருமன். செவ்வாய்க்கிழமை தவறாமல் கோமளா ஒரு கூடை பூப் பறித்து மாலை கட்டுவாள், நான் மலைக்கு எடுத்துப் போவேன். காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்து உட்கார்ந்து கட்டினவள் அவள்.

தெருவில் புதுக் கால்வாய் போட வந்தவர்கள் செடி குறுக்கே நிற்கிறது என்றார்கள். கோமளா கெஞ்சிப் பார்த்தாள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான், மழை வந்தால் எங்கள் சந்தில்தான் தண்ணீர் நிற்கும். கடைசியில் நானே வெட்டினேன்.

வெட்டிப் போட்டதைப் பார்த்து அவள் அழுதாள். "குப்பை வண்டியில போடாதீங்க. அடுப்புலயும் வாணாம். எத்தினி வருஷம் சாமிக்குப் பூ குடுத்துச்சி."

எனக்கும் மனசு கேட்கவில்லை. அடித்தண்டைப் பார்த்தேன். வெள்ளையாக, நெருக்கமான இழை. நடுவில் சோறுபோல் மெத்தென்ற சன்னமான பகுதி, குத்தினால் தானே துளை விழும். விசிலுக்கு இதைவிட வாகான கட்டை கிடைக்காது.

"கோமளா, இதுல விசில் செய்யறேன். கிருத்திகை அன்னிக்கு மலை ஏறட்டும்."

அவள் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியாது. "ஆங், அதச் செய்யுங்க" என்றாள்.

அரளி விஷம் என்பது தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். ஆனால் எங்களுக்குத் தெரிந்தது அரளி விதை. அதுவும் அந்த மஞ்சள் பூ அரளியின் விதை, ஊரில் யாராவது மனசு வெறுத்து அரைத்துக் குடித்தார்கள் என்று காதில் விழும். செவ்வரளி வேறு. அது சாமிப் பூ. முருகன் மார்பில் கிடப்பது எப்படி விஷமாகும்? இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை.

ஆறு விசில்

இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன். ஈரக்கட்டை என்பதால் உளி வெண்ணெயில் போவதுபோல் போயிற்று. சுருள் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது.

விசில் செய்வது பார்க்கச் சின்ன வேலை. விரல் நீளத்துக்கு உருட்டி, உள்ளே துளைத்து, மேலே ஒரு சரிவான வெட்டு வைக்க வேண்டும். வாய்ப்பக்கம் ஒரு தக்கை அடைக்க வேண்டும், அந்தத் தக்கையின் தலையை மட்டும் நூலளவு சீவ வேண்டும். அந்த நூலளவு சந்தில் போகும் காற்று சரிவில் மோதினால்தான் சத்தம். கொஞ்சம் அதிகம் சீவிவிட்டால் வெறும் மூச்சுத்தான் வரும்.

ஆறையும் நானே ஊதிப் பார்த்தேன். கீச்சென்று இல்லாமல், குயில் அடித்தொண்டையில் கூப்பிடுவதுபோல் ஒரு கனத்த சத்தம். எனக்கே பெருமை.

உடம்புக்கு அரக்கு கொடுத்தேன், சிவப்பும் பச்சையும். சுழலும்போது அரக்குக் குச்சியைக் காட்டினால் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும், தாழை மடலால் தேய்த்தால் பளபளக்கும். ஆனால் வாய் வைக்கும் இடத்தில் மட்டும் அரக்கு தடவவில்லை. விரதக்காரர்கள் வாயில் சாயம் போகக்கூடாது என்று அவ்வளவு ஜாக்கிரதையாக வெறும் கட்டையாகவே விட்டேன்.

அன்று சாயந்திரம் எனக்குக் குமட்டலாக இருந்தது. வெயில் என்று நினைத்து மோர் குடித்துப் படுத்துவிட்டேன். முருகன் அப்போதே என் வயிற்றில் தட்டிச் சொன்னான். எனக்குக் காது கேட்கவில்லை.

கை சில்லென்று

கிருத்திகை அன்று அவர்கள் விடியும் முன்பே கிளம்பி ஆர்.கே.பேட்டை வழியாக நடந்தே வந்தார்கள். நான் மலையடிவாரத்துச் சரவணப் பொய்கையில் சேர்ந்துகொண்டேன். ஆறு பேர் கழுத்திலும் என் விசில். வழியெல்லாம் எல்லோரும் அதைக் கையில் தூக்கிப் பார்த்து மெச்சினார்களாம்.

"லேசா கசக்குதுண்ணா" என்றார் கயிறு பிடித்த ஒருவர்.

"வேப்பங்குச்சி கசக்கல? ஒடம்புக்கு நல்லது" என்றேன். என் வாயால் நானே சொன்னேன் இதை.

பாவா வாயிலிருந்து விசிலை எடுக்கவே இல்லை. ஊதாத நேரத்தில் கடைவாயில் அதக்கிக் கடித்துக்கொண்டே வந்தார். வெற்றிலை இல்லாத தாடைக்கு அது கிடைத்துவிட்டது. விரதத்தில் ஒருவேளைதான் சாப்பாடு, முந்தின ராத்திரியோடு அதையும் நிறுத்தினவர், வெறும் வயிறு.

படியில் பாவா மஞ்சள் என்றதும் எல்லோரும் விழுந்தார்கள் என்று சொன்னேனே, அடுத்த நிமிஷம் அவர் வாந்தி எடுத்தார். கூட்டம் அதற்கும் அரோகரா போட்டது. ஒருவர் விபூதியை அள்ளி அவர் வாயில் போட்டார். பாவா படியில் உட்கார்ந்து அப்படியே சாய்ந்தார்.

"அருள் தாங்கல. வுடுங்க, தானா தெளியும்" என்று யாரோ சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

அப்போது என் அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். தலையில் பால்குடம். அதை என் கையில் திணித்துவிட்டு, பாவா மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"டேய், இது சாமி இல்ல."

"அக்கா, அப்படிச் சொல்லாத..."

"முப்பது வருஷமா அருள் வந்து பாக்கறேன்டா இந்த மனுசன. சாமி வந்தா கை நெருப்பா சுடும். இப்ப ஐஸா கீது. தூக்குடா!"

தூக்கினோம். ஏறும் கூட்டத்துக்கு எதிராக, அவ்வளவு படியும் இறங்கினோம். முருகனுக்கு முதுகைக் காட்டி நான் படி இறங்கியது அன்றைக்குத்தான். அக்கா முன்னால் போய், "வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் நின்றது முருகன் புண்ணியம்.

தட்டில் வைத்த விசில்

அரசு ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர். பாவா மார்பில் ஒயரை ஒட்டி, ஓடி வந்த காகிதத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"நாடி நாற்பதுகூட இல்ல. அதுவும் விட்டு விட்டு வருது. என்ன சாப்பிட்டாரு?"

"ஒண்ணும் இல்லீங்க. விரதம்."

"ஏதாவது சாப்பிட்டிருக்கணும். மாத்திரை? நாட்டு மருந்து? கண்ணு எப்படித் தெரியுதுன்னு சொன்னாரா?"

"எல்லாம் மஞ்சளா தெரியுதுன்னாருங்க. சாமி..."

டாக்டரம்மா சட்டென்று நிமிர்ந்தார். பாவாவின் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு கழுத்தில் தொங்கிய விசிலைக் கையில் எடுத்தார். வாய்ப்பக்கம் நார் நாராகக் கடிபட்டுப் பாதி காணாமல் போயிருந்தது.

"இது என்ன மரம்?"

"செவ்வரளிங்க" என்றேன். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "நானே கடைஞ்சது. சாமிக்குச் சாத்தற பூச்செடிங்க."

அவர் அந்த விசிலை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்தார். டங் என்று ஒரு சத்தம்.

"அரளிங்க அது."

"விதைதானுங்களே விஷம்? அதுவும் மஞ்ச அரளி..."

"இந்த அரளியும்தான். செடி முழுக்க. வேரு, பட்டை, இலை, கட்டை, பூ, எல்லாம். நேரா இதயத்தைப் பிடிக்கும்."

அதற்குப் பிறகு அவர் நர்ஸிடம் ஊசி பெயர் சொன்னதும், கறுப்பாக எதையோ கரைத்துக் குழாய் வழியாக உள்ளே விட்டதும், சென்னைக்கு அனுப்ப வண்டி கேட்டதும் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருந்தது. என் கண் அந்தத் தட்டிலேயே இருந்தது. சிவப்பும் பச்சையுமாக எவ்வளவு அழகாக இருந்தது அது!

வெளியே அக்கா சுவரோரம் குந்தியிருந்தாள். அவள் காலடியில் போய் விழுந்தேன். "அக்கா, நான்தான்கா. நம்ம வூட்டு அரளிக் கட்டைல செஞ்சேன். அது விஷமாம்கா."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"ஆறு செஞ்சியே" என்றாள். "மீதி அஞ்சு எங்கடா?"

அந்த நிமிஷம் வரை அது எனக்குத் தோன்றவே இல்லை.

"அழுவறதுக்கு அப்பால நேரம் கீது. ஓடு!"

சத்தத்தைத் தேடி

போன் போட்டுப் பார்த்தேன். கிருத்திகைக் கூட்டத்தில் யாருக்கும் லைன் போகாது. மறுபடியும் படிக்கு ஓடினேன்.

லட்சம் ஜனத்தில் ஐந்து பேரை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லோரும் மஞ்சள் வேட்டி, எல்லோர் தோளிலும் காவடி. பம்பை, உடுக்கை, ஒலிபெருக்கி. நின்று கண்ணை மூடினேன். அத்தனை இரைச்சலுக்கு நடுவில், மேலே எங்கோ, அடித்தொண்டைக் குயில் கூப்பிட்டது.

என் விசில். எந்தச் சத்தத்தைக் கேட்டு இரண்டு நாள் முன்பு பட்டறையில் தனியாகச் சிரித்தேனோ அதே சத்தம். இப்போது ஒவ்வொரு முறை அது கேட்கும்போதும் கூட்டத்தை இன்னும் பலமாக இடித்துக்கொண்டு போனேன். இன்னும் வாயில் வைத்திருக்கிறான், இன்னும் வைத்திருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே ஏறினேன்.

முதல் இரண்டு பேர் படித் திருப்பத்தில் கிடைத்தார்கள். பேசாமல் கழற்றிக் கொடுத்தார்கள். மூன்றாமவர் கோயில் வாசல் வரிசையில் நின்றார். அவர்தான் தகராறு செய்தார்.

"குடுத்துட்டு புடுங்கறியே, நல்ல ஆளுண்ணா நீ. கூட்டத்த யாரு பாக்கறது?"

"விஷம்பா அது. அரளிக் கட்டை."

அவர் சிரித்தார். "செவ்வரளிதானே? சாமிப் பூவுண்ணா அது. அதுவா விஷம்? உன் பாவாவுக்கு அருள் வந்துச்சே, அது பொறாமையா உனுக்கு?"

அவர் கழுத்தில் கிடந்ததும் செவ்வரளி மாலைதான். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? டாக்டரம்மாவிடம் நான் பேசியதைத்தான் அவர் பேசினார். கயிற்றை அறுத்துப் பிடுங்கிக்கொண்டேன். தள்ளினார், விழுந்தேன். முழங்காலில் தோல் பெயர்ந்தது. விசில் என் கையில் இருந்தது, அது போதும்.

நான்காமவர் மண்டபத்தில் தலை சுற்றிப் படுத்திருந்தார். விரதக் களைப்பு என்று விசிறிக்கொண்டிருந்தார்கள். அவரையும் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், சாயந்திரமே வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். ஐந்தாமவர் விசிலை ஊதவே இல்லையாம், கசக்கிறதென்று காவடியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அந்த மனிதரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இத்தனை தூரம் ஏறியும் அன்று சன்னிதிக்கு நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? வாசலில் கூடை கூடையாகச் செவ்வரளி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அத்தனை நாள் கண் குளிரப் பார்த்த சிவப்பு, அன்று பார்க்க முடியவில்லை. முருகா, இதை நீ மாலையாகப் போட்டுக்கொள்கிறாயே, ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று வாசலிலிருந்தே கேட்டேன். சாமிக்குச் சாத்துவது வேறு, மனிதன் வாயில் வைப்பது வேறு என்பது எனக்கு ஐம்பது வயது தாண்டித்தான் புரிந்தது.

பாவா சொன்னது

சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள் மெஷின் மாட்டி வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் பாவா கண் விழித்துக் காபி கேட்டார். வார்டுக்கு மாற்றியதும் போனேன். அக்கா என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவதுபோல் வெளியே போய்விட்டாள்.

கட்டில் ஓரம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். செடி வெட்டியது, கடைந்தது, வாய்ப்பக்கம் அரக்கு தடவாமல் விட்டது, எல்லாம். அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"வேணும்னா செஞ்ச?"

"ஐயோ பாவா!"

"அப்ப வுடு. எனக்கும் வாய் சும்மா இருந்திருக்கணும், இல்லியா? வெத்தலைய வுட்டவன் கட்டைய மென்னேன்." சிரித்தார். எனக்கு நெஞ்சு இளகியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லாவற்றையும் சுத்தமாகச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வேகம்.

"பாவா, படியில நீங்க பாத்தீங்களே அந்த மஞ்ச, வட்டம், அதுவும் அந்த விஷத்தாலதான்னு டாக்டரம்மா..."

பாவா கையைத் தூக்கினார். ஊசி குத்திய கை. சிரிப்பு போய்விட்டது.

தறிக்காரர் குரல் அப்போது மட்டும் வெளியே கேட்கவே இல்லை. நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"விஷம் குடுத்தியே, அதுக்கு உன் மேல கோவம் இல்ல. சத்தியமா இல்ல. ஆனா இத என்கிட்டேர்ந்து எடுத்துக்காத மச்சான். சின்ன வயசுலேர்ந்து ஏறிகினு கீறேன். ஒரு தரம் பாத்தேன். ஒரே ஒரு தரம்."

அவர் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சுடவும் இல்லை, சில்லென்றும் இல்லை. மனிதக் கால்.

போன மாதம் இந்தத் தொடரில் இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். யார் வீட்டு முற்றத்திலாவது இந்தச் செடி நிற்கும், யாராவது குச்சி ஒடித்துப் பல்லில் வைப்பார்கள், பிள்ளைக்கு ஊதல் செய்து கொடுப்பார்கள், அதற்காகவாவது எழுத வேண்டும் என்றேன்.

"ஆங், எழுது. என் பேரோட எழுது" என்றார். தறியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "கட்டை விஷம்னு எழுது. நான் மென்னேன்னு எழுது. நான் பாத்தது பொய்னு மட்டும் எழுதாத."

எழுதவில்லை, பாவா.